இளவரசிக்கு முன்னால் நின்ற ஐவர்

முதலில் ஒரு விடுகதை, குழந்தைகளே. ஜெயித்தால் அவர்கள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. தோற்றால் அவர்கள் பெயரைத்தான் ஊரே சொல்கிறது. அவர்கள் யார்? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதவனம் என்ற நாட்டைக் கனகசேனன் என்ற அரசன் ஆண்டான். காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிறவன். மருதவனத்துக்கும் செம்மலை நாட்டுக்கும் நடுவில் ஓர் ஏரி இருந்தது. அதன் மதகு அந்த வருஷம் யார் வசம் என்பதை ஒரு பந்தாட்டம் முடிவு செய்யும்.

மருதவனத்து அரச குடும்பத்தில் ஒருவர் மூன்று முறை பந்தை எறிய வேண்டும். கம்பத்தில் தொங்கும் வளையத்துக்குள் இரண்டு முறை நுழைந்தால் மதகு மருதவனத்துக்கு. குறி பார்க்கப் பத்து எண்ணும் நேரம் வேண்டும். அதற்குள் செம்மலை வீரர் ஐவர் எறிபவரை வீழ்த்த ஓடிவருவார்கள். அவர்களை மறிக்க மருதவனத்தார் ஐவர் வரிசையாக நிற்பார்கள். மறிக்கலாம், அடிக்கக் கூடாது.

போன வருஷம் அந்த வரிசை உடைந்தது. அரசனின் தோள் முறிந்தது, வயல்கள் காய்ந்தன. இந்த வருஷம் அவனால் கையைத் தூக்க முடியவில்லை. பந்தை எறிய மகள் மாதேவிதான் இருந்தாள். அவளுக்குப் பத்து வயது.

தளபதி வீரகண்டன் கஜானாவைத் துடைத்து ஐந்து மல்லர்களை வரவழைத்தான். ஒவ்வொருவனும் யானைக்கன்று மாதிரி இருந்தான். மந்திரி நல்லுருத்திரன் தானும் ஐவரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கேட்டார். கஜானாவில் மிச்சமில்லையே என்று தளபதி சிரித்தான். காசு வேண்டாம், அரசரின் பல்லக்கு ஆட்கள் போதும் என்றார் மந்திரி. தூக்குகிறவர்கள் நால்வர், மாற்றாள் ஒருவன், ஆக ஐவர்.

"மந்திரியாரே, இளவரசியைக் காப்பாற்றச் சொன்னால் ஊர்வலம் அனுப்பப் பார்க்கிறீர்களே" என்றான் தளபதி. சபை சிரித்தது.

அரசன் ஒரு பரீட்சை வைத்தான். இளவரசி நிற்கும் இடத்தில் ஒரு மண்பானை. அதை உடைக்க அரண்மனைக் காவலர் ஐவர். மல்லர்கள் ஒவ்வொருவரும் தமக்கு அகப்பட்டவனைத் தள்ளிக்கொண்டே போய்த் தம் பலத்தைக் காட்டினார்கள். நடுவில் இடைவெளி விழுந்தது. நாலு எண்ணுவதற்குள் பானை உடைந்தது.

பல்லக்கு ஆட்கள் யாரையும் துரத்தவில்லை. முன்னால் நடக்கிறவனான சடையன், பாதையில் சொல்வது போலவே, "இடப்பக்கம் மேடு", "வலப்பக்கம் கல்" என்று குரல் கொடுத்தான். ஐந்து தோள்களும் ஒன்றாக நகர்ந்தன. பத்து எண்ணிய பிறகும் பானை இருந்தது.

"இவர்களை எப்படிக் கண்டீர்?" என்றான் அரசன்.

"மலைப்பாதையில் பல்லக்கில் போகும்போதெல்லாம் தங்கள் மடியில் மோர்க் கிண்ணம் இருந்தது, அரசே. ஒரு துளி சிந்தவில்லை. தாங்கள் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை."

காவலர்கள் வேறு, செம்மலையார் வேறு என்று தளபதி காதில் ஓதினான். உடனே அரசன் மனம் ஆடியது. மகள் கீழே விழுந்தால் மந்திரி குடும்பத்தோடு அன்று மாலைக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டான்.

ஆட்டத்தன்று மாதேவி பந்தோடு நின்று, முன்னால் வரிசையாக நின்ற பல்லக்கு ஆட்கள் ஐவரையே பார்த்தாள். சடையன் திரும்பாமலே சொன்னான்: "எங்களைப் பார்க்காதீங்க அம்மா. வளையத்தைப் பாருங்க. பாதையை நான் சொல்றேன்."

முதல் பந்து நுழைந்தது. இரண்டாவது முறை செம்மலையார் இருவர் ஒரே பக்கம் மோதினார்கள். வரிசை தாங்கியது, ஆனால் மாதேவி திடுக்கிட்டு அவசரமாக எறிந்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

மூன்றாவது எறி. செம்மலையார் ஐவரும் நடுவை நோக்கியே ஓடிவந்தார்கள். தளபதி மந்திரியைப் பார்த்தான். மந்திரி எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு...

"நடுவில் பள்ளம்" என்றான் சடையன்.

ஐவரும் தோளோடு தோள் சேர்ந்து, காலைப் பின்னால் ஊன்றினார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்தது. ஏழு. வரிசை ஒரு சாண் பின்னால் போனது. எட்டு. அங்கேயே நின்றது. மாதேவி வளையத்தை மட்டும் பார்த்தாள். ஒன்பது, பத்து. பந்து கையை விட்டுப் போனது.

வளையம் ஆடியது. பந்து அதன் வழியாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தது.

அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குக் கொடுத்தான். வீடு திரும்பும்போது பல்லக்கைத் தளபதியும் மூன்று மல்லர்களும் தூக்க வேண்டும் என்றான். ஏரிக்கரை தாண்டுவதற்குள் மோர் முழுவதும் அரசன் மடியில் இருந்தது.

மறுநாள் கல்தச்சர் வந்தார். வெற்றிக்கல்லில் பந்தை எறிந்தவர் பெயரை வெட்டுவது வழக்கம். பெயரைச் சொல்லும்படி இளவரசியைக் கேட்டார்.

சடையன், காரி, பொத்தன், வேம்பன், நல்லான் என்றாள் மாதேவி.