புல்புல்தாராவில் குற்றமில்லை

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் கட்டியவர். ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, பாளையங்கோட்டையில் ஜெசிந்தாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஜெசிந்தா அவரைவிடப் பத்தொன்பது வயது சிறியவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒருநாள் காலை, ஜெசிந்தா வெளியே போயிருந்த நேரம், மேலப்பாளையத்திலிருந்து சபூரா வந்தாள். பீடி சுற்றுகிறவள். கட்டைகளை அழுத்திக் கம்பிகளை மீட்டும் புல்புல்தாராவைப் பதினோரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே வாசித்துப் பழகியவள். தானே கட்டிய மூன்று மெட்டுகளைப் பதிய வேண்டும் என்றாள். கம்பிகளுக்கு அடியில், ஒலியை வாங்கி வயருக்கு அனுப்பும் ஒரு சின்ன பிக்கப் ஒட்டியிருந்தது.

மாசிலாமணி அதில் ஒரு வயரை மாட்டி, மறுமுனையை ஒலிப்பதிவுப் பெட்டியில் செருகிப் பதிவை ஓடவிட்டார்.

"வாசிம்மா."

வாசித்தாள். தகரத்தைச் சுரண்டுவது போல ஒலி சோகையாக வந்தது.

"ஓங்கி அடி."

ஓங்கி அடித்தாள். அப்போதும் அப்படியேதான்.

"இது தேறாத வாத்தியம் தாயி. சத்தே இல்ல. நான் பாக்காத வாத்தியமா?"

சபூராவின் முகம் சுண்டிப்போனது. வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டாள். "உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வயரைச் சுருட்டும்போதுதான் மாசிலாமணி பார்த்தார். செருகிய துளைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். பிக்கப் வைத்த வாத்தியம் வந்தால் முதலில் அதை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி மெலிந்துவிடும் என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவர் அமுக்கவே இல்லை.

காது மடல் சுட்டது. வாசலைப் பார்த்தார். யாருமில்லை. வயரை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வந்தாள்.

"யாரும் வந்தாங்களா அண்ணாச்சி?"

"ஒரு அம்மா வந்துச்சு. வாத்தியம் சரியில்ல டீச்சர். அனுப்பிட்டேன்."

ஜெசிந்தா பதிந்ததைப் போட்டுக் கேட்டாள். பத்து நொடிகூட ஓடவில்லை, நிறுத்தினாள்.

"பட்டனை அமுக்கலையா?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"அப்பவே தெரிஞ்சுதா?"

"அந்த அம்மா போனப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்ச பிறகுமா வாத்தியம் சரியில்லைன்னு என்கிட்ட சொன்னீங்க?"

ஜெசிந்தா தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் சபூரா துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள், காய்கறிக் கூடைக்காரர்கள். மாசிலாமணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேரே அவள் முன்னால் போய் நின்றார்.

"வாத்தியத்துல குத்தமில்ல தாயி. நான்தான் தப்பா மாட்டினேன். தெரியாம உன்னையும் பேசிட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபூரா மூட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"நெசமாவா அண்ணாச்சி? இதுல குத்தமில்லையா?"

"சத்தியமா இல்ல."

மேலப்பாளையம் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

இந்த முறை மாசிலாமணி முதலில் பட்டனை அமுக்கினார். பிறகு வயரைச் செருகினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சபூரா வாசிக்கத் தொடங்கினாள். ஒலி கனமாக, முழுசாக வந்தது. ஆனாலும் பாட்டு நகரவில்லை. நாலு கட்டை அழுத்துவாள், நிறுத்துவாள், கண்ணாடி வழியாக மாசிலாமணியின் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி பயந்து பயந்து ஒரு கட்டையைத் தொடுவாள்.

மாசிலாமணிக்கு உடம்பு கூசியது. பெட்டியின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வயரை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் எங்க தப்பு இருக்கு டீச்சர்?"

"வயர்ல ஒண்ணுமில்ல. காலையில நீங்க சொன்னது அந்த அம்மா விரல்ல இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு. கையை எடுங்க அண்ணாச்சி. அந்தப் பயம் அடங்குற வரைக்கும் ரெக்கார்டிங் ஓடட்டும்."