பூசணிக்காய்க்கு வந்த நினைப்பு

"மேடம், மீரான் பாய்க்குப் பொறுமையே கிடையாது," என்றார் எட்வின்.

"பாய்க்கா?" என்றார் வேதவல்லி அம்மா.

பாளையங்கோட்டைப் பக்கம் சின்ன ஆராய்ச்சிக்கூடம் ஒன்று. அங்கே குரு வேதவல்லி அம்மா. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் எட்வின், அவரிடம் தொழில் கற்க வந்தவர். சீடனுக்குத்தான் வயது கூட. அதனால் குரு அவரை அண்ணாச்சி என்பார்.

மீரான் பாய் பரோட்டா மாஸ்டர். பக்கவாதம் வந்து, வலது கை அசையாமல் மடியில் கிடக்கிறது.

அவர் தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி மண்டைக்குள் இறங்கி, ரத்தம் எங்கே ஓடுகிறதென்று பார்த்து வரும். திரையில் பச்சை விளக்கு எரிந்ததும், பாய் மாவு வீசுவதாக மனசுக்குள் நினைக்க வேண்டும். கையை ஆட்டுகிற இடத்துக்கு ரத்தம் ஏறினால் திரையில் ஒரு பலூன் ஏறும். நினைத்து நினைத்தே கைக்கு வழி திறந்துவிடாதா என்று ஒரு நம்பிக்கை.

ஒரே ஒரு சங்கடம். நினைப்பு முன்னால் போய்விடும். ரத்தம் பின்னால்தான் வந்து சேரும்.

"இந்தப் பலூன் கெளம்புறதுக்குள்ள நாலு பரோட்டா வீசிருவேன்வே!" என்று பாய் கத்துவார். கத்துகிற நேரத்தில் நினைப்பு அறுந்துபோகும். பலூன் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

"அதான் ஒரு வேலை செஞ்சேன்," என்றார் எட்வின், முகமெல்லாம் சிரிப்பாக. "ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காம, புரோகிராமே கணிச்சு பலூனை ஏத்திரும். இப்ப பாய்க்கு ஒரே கும்மாளம்."

"கை?"

"கை... அப்படியேதான் கெடக்கு."

வேதவல்லி அம்மா மேசைக்கடியில் இருந்த காய்கறிப் பையை இழுத்தார். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பூசணிக்காயை எடுத்து மேசைமேல் உட்காரவைத்தார். அதற்குத் தொப்பியை மாட்டினார்.

"ஆரம்பிங்க அண்ணாச்சி."

பச்சை விளக்கு எரிந்தது.

பலூன் ஜம்மென்று ஏறியது.

எட்வின் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் மாவு வீசுது," என்றார் வேதவல்லி அம்மா.

மறுநாள் எட்வின் அந்தக் கணிப்பை நிறுத்திவைத்தார். பாயிடம் நடந்ததையும் சொன்னார்.

பாய் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா ஏறினது நான் இல்லியா?"

"இல்ல பாய்."

"பூசணிக்காய்க்கும் ஏறிச்சோ?"

"ஏறிச்சு."

"என்னயவிட ஒசரமாவா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ஒசரம்தான் பாய்."

"சவத்து மூதி." பாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மாட்டுவே தொப்பிய."

பச்சை விளக்கு எரிந்தது. பாய் மனசுக்குள் மாவை எடுத்து வீசினார்.

பலூன் அசையவில்லை.

"சும்மா கெடக்கேவே."

"வீசுங்க பாய்."

"வரலைன்னா?"

"நானும் கூடத்தான இருக்கேன். வீசுங்க."

எட்வினுக்கு விரலெல்லாம் துறுதுறுத்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் பலூன் கூரைக்கே போய்விடும். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பாய் இந்தத் தடவை கத்தவில்லை. வீசிக்கொண்டே இருந்தார்.

பலூன் ஒரு நகக்கண் அளவு எழும்பியது. கொஞ்சம் நின்றது. இறங்கிவிட்டது.

"இது யாருதுவே?" பாயின் குரல் உடைந்திருந்தது.

"உங்களுது பாய். முழுக்க உங்களுது."

தொப்பியைக் கழற்றியபின் பாய் சொன்னார்: "இடது கையால ஸலாம் வைக்கிறது எனக்கு வழக்கமில்ல. கை விழுந்ததுலேர்ந்து ஒருத்தருக்கும் வச்சதில்ல. இன்னைக்கு ஒமக்கு வச்சே ஆகணும்வே."

மடியில் கிடந்த வலது கையைப் பார்த்து, மனசுக்குள் அதைத் தூக்கினார்.

கை கிடந்தபடியே கிடந்தது.

"இருக்கட்டும் பாய். மனசுல வச்சதே போதும்," என்று எட்வின் எழுந்தார்.

பின்னால் நின்ற வேதவல்லி அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஸலாம் இன்னும் வந்து சேரல."