சத்தம் வராத கொம்பு

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபது முடிந்திருந்தது.

குரு பூங்கோதை, சாலிகிராமத்தில் பட்டறை வைத்து சினிமாவுக்குப் பொருட்கள் செய்து கொடுப்பவர். மரத்தில் துப்பாக்கி, தெர்மாகோலில் கோயில் தூண், காகிதக் கூழில் கிரீடம். சீடர் தேவசகாயம், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிரேக் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மிக்சியை அடிக்கடி பிரித்து மாட்டினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் ஒருநாள் கழற்றி இறக்கியபோது, எங்காவது போய் எதையாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று மனைவி அனுப்பிவைத்தார்.

அவர் பூங்கோதையை டீச்சர் என்று கூப்பிட்டார். பூங்கோதை அவரை சார் என்று கூப்பிட்டார். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்போது பட்டறையில் ஒரு புது வேலை தொடங்கியிருந்தது. முந்தைய வருடம் பூங்கோதை ஒரு யானைப் படத்துக்கு ஊதுகொம்பு ஒன்று செய்திருந்தார். முழங்கை நீளம், பிரம்பும் காகிதக் கூழும் சேர்த்தது, விளிம்பில் ஒரு கீறல். படத்தில் பாகனின் மகள் அதை ஊதுவாள். மனிதர் யாருக்கும் கேட்காது. விற்கப்பட்டு, ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் அவளுடைய யானைக்கு மட்டும் கேட்கும். எங்கே இருந்தாலும் அது கிளம்பி வந்துவிடும்.

படம் ஓடி முடிந்த பிறகும் அந்தக் கொம்பைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். திருவிழாக் கடைகளில் படத்தின் பெயரைச் சொல்லி பிளாஸ்டிக்கில் எதையோ விற்றார்கள். அது வேண்டாம், படத்தில் வந்த மாதிரியே வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பூங்கோதை தயாரிப்பாளர் வைத்தியலிங்கத்திடம் போய் முறைப்படி உரிமை கேட்டார். பாட்டுக்கு உரிமை கேட்டு வந்திருக்கிறார்கள், கதைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள், கொம்புக்கு உரிமை கேட்டு யாரும் அவரிடம் வந்ததில்லை. அவர் சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். வாங்க நினைக்கிறவர்களை ஒருநாள் கூட்டுங்கள், நானும் வருகிறேன், அவர்களுக்குப் பிடித்தால் படத்தின் முத்திரை போட்டு விற்கலாம், பிடிக்காவிட்டால் அன்றோடு இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்றார்.

தேவசகாயம் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அசல் கொம்பிலிருந்து ரப்பர் அச்சு எடுத்தார். அச்சில் ரெசின் ஊற்றினார். மெல்லிய தூரிகையால் விளிம்பில் அந்தக் கீறலை வரைந்தார். எது அசல், எது நகல் என்று பூங்கோதையே ஒருமுறை குழம்பினார்.

ஆனால் ஒரு விஷயம் தேவசகாயத்தை உறுத்தியது. ஊதும் வாய் ஒரு விரற்கடை ஆழத்தில் அடைபட்டிருந்தது.

"டீச்சர், இதை ஊதினா காத்து எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார்."

"அப்போ இது எதுக்கு ஆகும்?"

"பெயிண்ட் காயட்டும். சொல்றேன்."

பெயிண்ட் காய்ந்தது. சீடர் மறுபடி கேட்டார். குரு கொம்பைத் திருப்பிப் பார்த்து, இன்னொரு கோட்டிங் அடிக்கச் சொன்னார்.

தேவசகாயம் வேலை பார்த்த இடத்தில், பிடிக்காத பிரேக்கின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு பழைய இரும்போடு தள்ளிவிடுவார்கள். வேலை செய்யாத ஒரு பொருளை இவ்வளவு அழகாகச் செய்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது. சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த அடைபட்ட வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனார். ஒரு கொம்பின் உள்ளே துளை போட்டார். பழைய ஆர்மோனியத்திலிருந்து கழற்றிய, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கை உள்ளே பொருத்தினார். வாசலில் நின்று ஊதினார். தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. எதிர் டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

மறுநாள் பூங்கோதை வந்ததும் ஊதிக் காட்டினார். பூங்கோதை திட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதை வாங்கித் தானும் ஊதிப் பார்த்தார்.

"அருமையா செஞ்சிருக்கீங்க சார். கூட்டத்துக்கு இதையும் எடுத்து வைங்க. சத்தம் வராததுலயும் ஒண்ணு எடுத்து வைங்க."

"அவங்க கையில முதல்ல எதைக் கொடுக்கறது?"

"நீங்கதானே கொடுக்கப்போறீங்க. உங்க இஷ்டம்."

வடபழனியில், தெருவைப் பார்த்த ஒரு சின்ன ஹாலில் கூடினார்கள். திண்டிவனத்திலிருந்து மின்வாரிய லைன்மேன் ஒருவர் வந்திருந்தார். பல் மருத்துவர்களான ஒரு கணவன் மனைவி, ஒரு கல்லூரிப் பேராசிரியர், இன்னும் சிலர். முதலில் வந்து கேட்டவர் என்பதால் விழுப்புரத்து நர்ஸ் மும்தாஜுக்கு முன் வரிசையில் இடம். வைத்தியலிங்கம் உட்காரவில்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் நடுவிலேயே நின்றார்.

தேவசகாயம் தன் பையைத் திறந்து, சத்தம் வரும் கொம்பை எடுத்து மும்தாஜிடம் கொடுத்தார்.

மும்தாஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் கீறலைத் தேடித் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

ஹால் அதிர்ந்தது. வெளியே போன பைக் ஒன்று ஒதுங்கி வழி விட்டது. மும்தாஜ் கொம்பை மெதுவாக இறக்கினார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா இது ஊரைக் கூப்பிடற கொம்பு. நான் கேட்டது யானையைக் கூப்பிடறது."

பின்னால் இருந்தவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். லைன்மேன் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்பது போல வைத்தியலிங்கம் பூங்கோதையைப் பார்த்துவிட்டு, சாவியை விரலில் சுழற்றினார்.

தேவசகாயத்தின் காது சிவந்தது. எழுந்து நின்றார். டீச்சர் செய்தது இப்படி இல்லை, வேலை செய்யவேண்டும் என்று நான்தான் உள்ளே கை வைத்தேன், தப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அடைபட்ட கொம்பை எடுத்தார். இதில் ஒரு சத்தமும் வராது என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லி மும்தாஜின் கையில் வைத்தார்.

மும்தாஜ் மூச்சை இழுத்தார். கன்னம் உப்ப ஊதினார்.

ஒன்றுமே கேட்கவில்லை. மேலே மின்விசிறி ஓடியது. மும்தாஜ் விடாமல் ஊதினார். ஹாலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு தலை வாசல் பக்கம் திரும்பியது. இன்னொரு தலை. அப்புறம் எல்லாத் தலைகளும்.

வாசல் நடுவில் நின்றிருந்த வைத்தியலிங்கம் சட்டென்று நகர்ந்து வழி விட்டார்.

யாரும் வரவில்லை. வெயில் மட்டும் உள்ளே வந்தது. தான் எதற்கு நகர்ந்தோம் என்பது வைத்தியலிங்கத்துக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். அதன்பின் அந்த ஹாலில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மும்தாஜ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கொம்பு கைக்குக் கை போனது. ஒவ்வொருவர் ஊதும்போதும் மற்றவர்கள் ஒழுங்காக வாசலைப் பார்த்தார்கள். பல் மருத்துவர் ஊதிவிட்டு, வருது வருது என்று மனைவியிடம் ரகசியமாகச் சொன்னார்.

முத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்றார் வைத்தியலிங்கம். தனக்கும் ஒன்று வேண்டும், முதலில் வேண்டும் என்றார். லைன்மேன் அவரை வரிசையில் நிற்கச் சொன்னார். அவரும் போய் நின்றார்.

திரும்பும்போது குருவும் சீடரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். தேவசகாயத்தின் மடியில் பித்தளை நாக்கு வைத்த கொம்பு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனம் கேட்கவில்லை.

"எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு டீச்சர். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நான் கேட்டது அப்படியே நிக்குது. அது வேலை செய்யாத பொருள்தானே?"

பூங்கோதை அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்தம்மா ஊதினப்ப, நீங்க எதுக்கு சார் வாசலைத் திரும்பிப் பாத்தீங்க?"