குன்றிமணி கறுப்பு வைத்துக்கொண்ட கதை

விதைகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், குன்றிமணி உடம்பு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. பேருக்குக்கூட ஒரு பொட்டுக் கறுப்பு கிடையாது.

அப்போது மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒரு வைத்தியக்காரி இருந்தாள். மனுஷருக்கும் மிருகங்களுக்கும் அவள்தான் மருந்து கொடுப்பாள். அவளிடம் ஒரு சின்னத் தராசு உண்டு. இன்றைக்குப் போல எடைக்கல் எல்லாம் அப்போது இல்லை. ஒரு தட்டில் மருந்தை வைத்தால், மறுதட்டில் விதை ஏறி உட்கார்ந்து, மருந்து இத்தனை குன்றிமணி எடை என்று வாயால் சொல்லும்.

எடைக்குப் பேர் குன்றிமணியுடையது. புகழ் மட்டும் புளியங்கொட்டைக்கு. அது ஒற்றையாகத் தட்டில் ஏறும், மருந்துத் தட்டு எவ்வளவு உயர்ந்தது என்று ஓரக்கண்ணால் பார்க்கும், "மூணே கால் குன்றி, ரெண்டு எள்ளு, ஒரு கசகசா" என்று முழங்கும். கசகசா வரைக்கும் சொல்கிறதே என்று ஊரே வாயைப் பிளக்கும். சடைச்சியும் பிளந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நுணுக்கமாகச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பாதவர் நம்மில் யார்?

குன்றிமணிகளைக் கேட்டாலோ, நாலைந்து பேராக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "மூணுக்கு மேலங்க, நாலுக்குள்ளங்க" என்று முடித்துக்கொள்ளும். இதைச் சொல்ல இத்தனை பேரா என்று அவற்றைச் செப்பில் போட்டு மூடிவிட்டார்கள். சுக்கும் மிளகும் நிறுத்தவரைக்கும் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. கூடினால் காரம், குறைந்தால் சப்பு, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை காட்டுநாச்சி என்ற தாய்யானை தன் கன்றைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். கன்றுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஆறு பெற்று ஐந்தைப் பறிகொடுத்தவள் அவள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். வாசலிலேயே அது மடங்கிப் படுத்துவிட்டது.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரே மருந்து, பாஷாணத்தைப் புடம் போட்டு எடுத்த செந்தூரக் கட்டி. நாலு குன்றி எடைக்குக் குறைந்தால் காய்ச்சல் இறங்காது. ஐந்தைத் தாண்டினால் கன்று பிழைக்காது. சடைச்சியிடம் இருந்தது ஒரே ஒரு கட்டி. அதைத் தட்டில் வைத்தாள். புளியங்கொட்டை வழக்கம்போல ஏறி உட்கார்ந்தது.

"நாலே முக்கால் குன்றி, ரெண்டு எள்ளு, ஒரு கசகசா."

கச்சிதம் என்று சடைச்சிக்குச் சந்தோஷம். தேனை எடுத்துக் குழைக்கப் போனாள். அப்போது செப்புக்குள் டொக்கு டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஒரு குன்றிமணி.

"ஆத்தா, எங்க எடையிலதான் அவரு சொல்றாருங்க. ஆனா எங்களத் தட்டுல வெக்கவே இல்லீங்களே?"

சடைச்சிக்குச் சுருக்கென்றது. குன்றிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். ஐந்து வைத்தும் மருந்துத் தட்டு தாழ்ந்தே இருந்தது. ஆறு வைத்தாள், அப்போதும் அசையவில்லை. ஏழாவது ஏறிய பிறகுதான் விதைத் தட்டு இறங்கியது. கன்றின் வாய்க்குப் போக இருந்தது ஆறு குன்றிக்கும் மேல்! சடைச்சி எடுத்த தேனைத் தள்ளி வைத்தாள். புளியங்கொட்டை தராசு முள்ளைக் குறை சொல்லிப் பார்த்தது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிறகு சடைச்சி கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சுரண்டி நிறுத்தாள். கடைசியில் நாலு குன்றிமணிக்கு மருந்து தாழ்ந்தது, ஐந்துக்கு விதை தாழ்ந்தது. ஐந்தாவதாக ஏறியது செப்பைத் தட்டிய அதே குன்றிமணி. எவ்வளவு என்று அதனிடம் கேட்டாள்.

"நாலு நிச்சயமுங்க. அஞ்சு இல்லேங்கறதும் நிச்சயமுங்க. நடுவுல முக்காலாட்டந் தெரியுது. அது என்ற யூகமுங்க. அரையாக்கூட இருக்கும்."

காட்டுநாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளை உயிர் ஊசலாடுகிறது, இது தெரிகிறாப்பல இருக்கிறது என்று சொல்கிறதே என்று பிளிறினாள். சந்து கிடைத்தது புளியங்கொட்டைக்கு. தான் எள்ளு கசகசாவோடு சுத்தமாகச் சொல்லித் தருவதாக முன்னால் வந்தது. சற்றுமுன் அது சொன்ன லட்சணத்தைக் கண்ணால் பார்த்தவள்தான், ஆனாலும் காட்டுநாச்சி அதன் பக்கமே திரும்பினாள். பயந்துபோனவர்களுக்கு அடித்துச் சொல்கிறவன்தானே தெய்வம்?

குன்றிமணி மட்டும் அசையவில்லை. "ஒரு யூகஞ் சொல்லலாங்க. யூகத்து மேல யூகத்த ஏத்துனா அது புளுகுங்க" என்றது.

காட்டுநாச்சி காலைத் தூக்கினாள். தராசும் விதையும் அந்தப் பாதத்துக்கு நேர் கீழே. ஓடி ஒளிய மற்ற விதைகள் உருண்டன. எனக்கு அந்தக் குன்றிமணியை நினைத்தால் இப்போதும் மெய்சிலிர்க்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பொய். "நாலே முக்கால், ரெண்டு எள்ளு" என்றால் அந்தப் பாதம் விலகியிருக்கும். அது சடைச்சியைப் பார்த்துச் சொன்னது:

"ஆத்தா, உங்க விரல்ல அடுப்புக்கரி இருக்குது பாருங்க. அதத் தொட்டு என்ற மேல வையுங்க. எனக்குத் தெரியாதது எவ்வளவுன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்."

சடைச்சி அதன் ஒரு ஓரத்தில் கரியைத் தொட்டு வைத்தாள். காட்டுநாச்சி தூக்கிய கால் தூக்கியபடியே குனிந்து பார்த்தாள். உடம்பெல்லாம் சிவப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியாதது இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதாங்க. அது அரையானாலும் முக்காலானாலும் உங்க கன்னு பொழைச்சுக்கும்."

காட்டுநாச்சி காலைப் பின்னால் வாங்கி ஊன்றினாள். "மருந்தக் குடு ஆத்தா" என்றாள்.

சடைச்சி தேனில் குழைத்துக் கன்றின் நாக்கில் தடவினாள். வெயில் உச்சிக்கு வருமுன் அதன் காது லேசாக ஆடியது. பொழுது சாய்வதற்குள் எழுந்து தள்ளாடித் தாயின் மடியைத் தேடிப் பால் குடித்தது. காட்டுநாச்சி நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். போகும்போது தும்பிக்கை நுனியால் அந்தக் குன்றிமணியை எடுத்துத் தன் நெற்றியில் ஒரு கணம் வைத்து, திரும்பத் தட்டில் இறக்கிவிட்டுப் போனாள்.

சடைச்சி நல்லவள், புளியங்கொட்டையைத் தூக்கி எறியவில்லை. எண்ணுகிற வேலைக்குப் போ, அதில் ஒன்று என்றால் ஒன்று, யூகத்துக்கு இடமில்லை என்று பல்லாங்குழிக்கு அனுப்பிவிட்டாள். அங்கே அது இன்றுவரை ஒழுங்காக இருக்கிறது.

குன்றிமணியிடம் கரியைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டது. குன்றிமணிக்குத் தன் முதுகுக் கறுப்பு தெரியாது என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். சொன்னவர் இந்தக் கதையைக் கேட்டிருக்க மாட்டார். அந்தக் கறுப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதே அதுதான்.

அன்று தொட்டுத்தான் கொடியில் காய்க்கும் குன்றிமணி ஒவ்வொன்றும், தனக்குத் தெரிந்ததைச் சிவப்பாகவும் தெரியாததைக் கறுப்பாகவும் உடம்பிலேயே காட்டிக்கொண்டு பிறக்கிறது.