அரண்மனைக்கு வந்த பரீட்சை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நுங்கூர் நாட்டை இடிமுழக்கவர்மர் என்ற ராஜா ஆண்டு வந்தார். பேரில்தான் இடி. சக்கரவர்த்தியிடமிருந்து ஓலை வந்தால் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

அப்படி ஒரு ஓலை வந்தது: ‘உன் பள்ளிகளுக்கெல்லாம் பரீட்சை வை. பின்தங்கிய பள்ளிக்கு என்ன செய்தாய் என்று பதில் சொல்.’

“இதென்ன பிரமாதம்!” என்று எழுந்தார் அவைப்புலவர் கார்மேகனார். மந்திரி தாண்டவர் வாய் திறப்பதற்குள் தான் பேசிவிட வேண்டும் அவருக்கு. அவ்வளவு பொறாமை. “மதிப்பெண்படி வரிசை போடுவோம். கீழ்ப் பாதிக்குப் பூட்டு. வருஷா வருஷம் இப்படியே!”

“பூட்டா? பலே!” என்றார் ராஜா.

பரீட்சை நடந்தது. முதல் பூட்டு கரடிக்குன்றுப் பள்ளிக்கு என்று முடிவானது. போன வருஷம் எழுத்துக்கூட்டிய பிள்ளைகள் இப்போது கதையே படித்தார்கள். ஆனாலும் வரிசையில் கடைசி. மலையில் வேறு பள்ளியும் கிடையாது. அம்மாக்கள் மந்திரியிடம் வந்து அழுதார்கள்.

மந்திரி ராஜாவிடம் சொன்னார்: “அரசே, நாளைக்கு ‘உன் அவை எப்படி?’ என்று சக்கரவர்த்தி கேட்டால்? இதே விதியை முதலில் நமக்கு வைத்துப் பார்ப்போமே.”

“எனக்கும் வை!” ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர்.

பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். வேகமாகச் சொல்லாத பாதிப் பேர் வெளியே. முதல் சுற்றிலேயே சேனாபதி போனார்.

“தப்பில்லாமத்தானேய்யா சொன்னேன்!”

“சொன்னீங்க. மத்தவங்க இன்னும் வேகம்,” என்றார் மந்திரி.

அடுத்த சுற்றில் சமையல்காரர். “ஐயோ, மத்தியானச் சாப்பாடு?” என்றார் ராஜா. “விதி, அரசே.”

கடைசியில் ராஜாவும் புலவரும் மிஞ்சினார்கள். புலவருக்கு வேர்த்தது. ஜெயித்தால் ராஜா கீழ்ப் பாதி. அப்புறம் தலை தங்குமா? “மறந்துபோச்சே!” என்று வேண்டுமென்றே திக்கினார். மந்திரி அவரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

“நான்தான் முதல்!” ராஜா கைதட்டினார். கூடத் தட்ட ஆளில்லை. வயிறு வேறு கத்தியது. “யோவ், எல்லாரையும் கூப்பிடு! சரியாச் சொன்னவன் எப்படிய்யா வெளியே போவான்?”

மந்திரி கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே விட்டார். “எவ்வளவு நல்லாப் படிச்சாலும் பாதிப் பேர் கீழ்ப் பாதிதானே, அரசே?”

“சரி, சக்கரவர்த்திக்கு என்ன பதில்?”

“பரீட்சை உண்டு. ஒவ்வொரு பள்ளியையும் அதன் போன வருஷத்தோடு ஒப்பிடுவோம். கடைசியில் நிற்கிற பள்ளிக்கு இன்னொரு வாத்தியார்.”

ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டுவிட்டுப் புலவரைப் பார்த்தார். “கரடிக்குன்றுக்கு நீர்தான் வாத்தியார். மதிப்பெண் குறைந்தால் உம்மைத்தான் கேட்பேன்.”

“அரசே, அநியாயம்! பிள்ளைகள் பசியோடு மலையேறி வரும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் வாத்தியாரா பொறுப்பு?”

“அடேங்கப்பா,” என்றார் ராஜா. “இவ்வளவும் தெரிஞ்சுதான் பூட்டச் சொன்னீரா?”

மறுநாள் புலவர் மூச்சு வாங்க மலையேறினார். பள்ளிக்கூடம் திறந்தே இருந்தது.