கருப்புப் பூச்சுக்கு அடியில்

உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரில் ஒரு வெள்ளை வேன் இருந்தது.

அதன் சொந்தக்காரன் கனிராஜ். காலையில் பின்சீட்டை மடக்கிவிட்டு, கருவாடு காயப்போடும் கொட்டகைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிப்போவான். மாலையில் சீட்டை விரித்து, மனைவி தங்கபுஷ்பத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கோ கோவிலுக்கோ போவான். மூட்டைகளிலிருந்து கசிந்த உப்புத்தண்ணீர் தரைத்தகட்டின் இடுக்குகள் வழியே கீழே இறங்கும். இறங்கிய பிறகு அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

வேனின் அடியில், மொத்த எடையையும் தாங்கிக்கொண்டு நீளமாக ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை அந்தச் சட்டத்தில்தான் மாட்டியிருந்தது. சரியாக அந்த இடத்தில் துரு குடியேறிப் பல மழைக்காலம் ஆகிவிட்டது.

துரு சத்தம் போடாது. யாரிடமும் சண்டைக்குப் போகாது. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லும். சாப்பிடும், அவ்வளவுதான்.

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யைப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது, கனிராஜ் ஒரு டப்பா கருப்புப் பெயின்ட் வாங்கி வந்தான். சாக்கை விரித்து வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தானே பூசினான். பின்பக்கம் போகப் போக, பிரஷ் பட்ட இடத்திலிருந்து ஏதோ பொரிந்து அவன் கண்ணில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மேலும் பூசினான். வெளியே வந்து குனிந்து பார்த்தபோது அடிப்பக்கம் முழுவதும் ஒரே கருப்பாகப் பளபளத்தது. அவனுக்குத் திருப்தியாக இருந்தது. மீதிப் பெயின்டை மூடி, கொட்டகைப் பரணில் வைத்தான்.

அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்தில் ஒரு புது டயர் இருந்தது. மற்ற மூன்றும் தேய்ந்தவை. தங்கை செல்வக்கனியின் மகனுக்குக் காதுகுத்து வருகிறது, தாய்மாமன் வண்டி வழியில் நிற்கக் கூடாது என்று கனிராஜ் அந்த ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டிருந்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து புது டயர் பயந்துகொண்டே ஓடியது. தன்னை நம்பி வாங்கியிருக்கிறார்கள், தன்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்பதே அதற்கு எந்நேரமும் நினைப்பு. உப்பளப் பாதையில் ஓர் ஆணி ஏறியபோதுகூட அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காற்றும் போகவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் மதியம் வேன் வேப்பமர நிழலில் நின்றது. புது டயர் தயங்கித் தயங்கி இரும்புச் சட்டத்திடம் பேச்சுக் கொடுத்தது.

“அண்ணே, நேற்று வேகத்தடையில் ஏறி இறங்கினோமே, அப்போது உங்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.”

“என்ன சத்தம்?”

“முன்பெல்லாம் டங் என்று கேட்கும். நேற்று அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தது.”

“வயதாகிறதில்லையா? கொஞ்சம் அரிப்பு. பெரிதாக ஒன்றுமில்லை.”

“யாரங்கே அப்பளம் பொரிக்கிறது?” என்று குறுக்கே வந்தது கருப்புப் பூச்சு. “என்னைப் பார்த்துவிட்டுப் பேசு. ஒரு கீறல் உண்டா? ஒரு புள்ளி உண்டா? நேற்றுக்கூட ஒருத்தர் குனிந்து பார்த்துவிட்டு, ‘புது வண்டி மாதிரி வச்சிருக்கீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.”

“உங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது?” என்று கேட்டது டயர்.

“அதை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? என் முகம் வெளியே பார்த்தபடி இருக்கிறது.”

“நான் இருக்கிறேன், தம்பி,” என்றது துரு. பூச்சுக்குள்ளிருந்து வந்த அதன் குரல் மெதுவாக, கம்பளிக்குள் படுத்திருப்பவர் பேசுவது போல இருந்தது. “போன மாதம் வரை காற்றும் வெயிலும் பட்டு அவ்வப்போது காய்ந்துபோவேன். இப்போது நல்ல போர்வை கிடைத்திருக்கிறது. உள்ளே வந்த உப்பும் ஈரமும் வெளியே போவதில்லை. சௌகரியமாக இருக்கிறேன்.”

“எவ்வளவு சாப்பிட்டிருக்கிறீர்கள்?”

“ஏறக்குறைய முடிந்தது. கை கழுவ வேண்டியதுதான் பாக்கி.”

டயருக்கு உள்ளிருந்த காற்றெல்லாம் குளிர்ந்துபோனது. “நாளைக்கு ஒன்பது பேர் ஏறப்போகிறார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு செல்வக்கனியக்கா உட்காருவது சரியாக இதற்கு மேலேதான். ஆற்றுப் பாலம் தொடங்குகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் வண்டி இறங்கினால்?”

“நான் யாரையும் தள்ளிவிட மாட்டேன்,” என்றது துரு. “இரும்பு இருந்த இடத்தில் நான் இருப்பேன். பார்க்க இரும்பு மாதிரியே இருப்பேன். தாங்கு என்றால் மட்டும் எனக்குத் தாங்கத் தெரியாது. ஸ்பிரிங் கழன்று சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போனால் அதற்கு நான் என்ன செய்வது?”

டயர் இரும்புச் சட்டத்தின் பக்கம் திரும்பியது. “அண்ணே, இது உங்களுக்கு முன்பே தெரியுமா?”



“தெரியும்,” என்றது சட்டம். “என்ன செய்யச் சொல்கிறாய்? அந்த மனிதன் என்னை நம்பித்தான் நாலு பேருக்குச் சோறு போடுகிறான். நான் படுத்துவிட்டால் அவன் எங்கே போவான்? வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை ஒரு நாள் போகட்டும். மருமகனை மடியில் வைத்து அவன் தலைநிமிர்ந்து உட்காரட்டும். திரும்பி வந்து இந்த வேப்பமரத்தடியில் நான் விழுந்துகொள்கிறேன்.”

“அதுவரைக்கும் விழாமல் இருப்பீர்களா?”

“இருக்கப் பார்க்கிறேன்.”

துரு லேசாகச் சிரித்தது. “இந்த அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, அந்த இடத்தில் அண்ணன் இருந்தால்தானே?”

அப்போது பின்சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த ஜாக்கி கனைத்தது. வண்டியில் அது இருப்பதே மற்றவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

“எனக்குப் பேச்சுச் சாமர்த்தியம் கிடையாது. என்னை அந்த இடத்தில் வைத்தால் போதும். இரும்பு இருந்தால் வண்டி மேலே ஏறும். இல்லாவிட்டால் நான் உள்ளே போவேன். கனிராஜ் எப்போதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில்தான் என்னை வைப்பான்.”

“அப்படியானால் வாருங்கள்,” என்றது டயர்.

“நானாக எப்படி வருவது? சக்கரம் படுத்தால்தான் என் ஞாபகமே வரும்.”

வேப்பம்பழம் ஒன்று கூரையில் விழுந்து உருண்டது. டயர் தனக்குள் இருந்த ஆணியை நினைத்துக்கொண்டது. இத்தனை நாள் அதை மறைத்ததும், அண்ணன் வலியை மறைத்ததும் ஒன்றுதானே என்று அதற்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

“வேண்டாம் தம்பி,” என்றது அதன் எண்ணத்தைப் புரிந்துகொண்ட சட்டம். “இந்தக் காதுகுத்துக்கென்றே உன்னை வாங்கினான். அன்றைக்கே நீ படுத்தால், உன்னைத்தான் தூக்கி எறிவான்.”

சாயங்காலம் டயர் ஆணியைக் கொஞ்சமாகத் தளர்த்தியது.

வேனுக்குப் பூமாலை கட்ட வந்த கனிராஜ் டயர் பாதி இறங்கியிருப்பதைப் பார்த்தான். தங்கை வீட்டுக்காரன் பொன்னுலிங்கம் பக்கத்தில் நின்றான்.

“என்ன மச்சான், வண்டி இப்பமே உக்காந்துட்டு? ஒரு வாடகை வண்டி சொல்லிருவோம்னேன், கேட்டியளா?”

“தாய்மாமன் வண்டி நிக்கும்போது வாடகை வண்டி எதுக்கு மாப்ள? ஊரு சிரிக்கவா?” என்றபடி கனிராஜ் கைப்பம்பை எடுத்து வந்து புஸ் புஸ்ஸென்று காற்றடித்தான். டயர் பழையபடி நிமிர்ந்துவிட்டது. ஜாக்கி சாக்குக்குள்ளேயே கிடந்தது.

“பார்த்தாயா?” என்றது கருப்புப் பூச்சு. “எல்லாவற்றையும் சரிக்கட்ட ஒரு வழி இருக்கும்.”

மறுநாள் விடியும்போதே வாசல் கலகலப்பாகிவிட்டது. முன்கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், பட்டுச்சட்டை, சிவப்புக்கல் வைத்த சின்னக் கடுக்கன். பிள்ளைகள் ஏறினார்கள். செல்வக்கனி குழந்தையோடு ஏறி, பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் எடை அழுந்தியபோது, அடியில் அப்பளம் இன்னொரு முறை நொறுங்கியது. அது டயருக்கு மட்டும் கேட்டது.

கனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவியைத் திருகினான்.

டயர் ஆணியை முழுவதுமாக விட்டுவிட்டது.

உஸ்ஸென்ற சத்தத்தோடு வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீர்த்தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு வாசலில் விழுந்தது.

“எல்லாரும் இறங்குங்க,” என்றான் கனிராஜ். அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. டயரை ஒரு உதை உதைத்தான். “புது டயரு. நேரம் பாத்துக் கழுத்தறுத்துட்டு.”

“கழுத்தறுக்குறதுக்கும் நல்ல நேரம் பாத்திருக்கு மச்சான்,” என்றான் பொன்னுலிங்கம்.

கனிராஜ் ஸ்டெப்னியை இறக்கினான். சாக்கைப் பிரித்து ஜாக்கியை எடுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் வைத்துத் திருகத் தொடங்கினான். ஜாக்கி ஏறியது. வண்டி ஏறவில்லை. இன்னும் திருகினான். கருப்புப் பூச்சு பட்டையாக உரிந்து விழுந்தது. அதற்குப் பின்னால் செந்தூளும் செதிலுமாகக் கொட்டத் தொடங்கியது. ஜாக்கியின் தலை சட்டத்துக்குள் போய், தரைத்தகட்டில் முட்டி நின்றது.

பொன்னுலிங்கம் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

தங்கபுஷ்பம் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். விரல் உள்ளே போய்விட்டது.

“ஏங்க,” என்றாள். “இதுக்கு மேலதான செல்வக்கனி பிள்ளைய வச்சுக்கிட்டு இருந்தா?”

கனிராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். புதுவேட்டி முழுக்கத் துருத்தூள்.

“பூசும்போதே உதுந்துச்சு புஷ்பம்,” என்றான். “கண்ணுல விழுந்துச்சு. தொடச்சுட்டுப் பூசிட்டேன்.”

அவள் அவன் தோளில் விழுந்திருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

“வாங்க அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றாள் செல்வக்கனி. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். “தாய்மாமன் பஸ்ஸுல வந்தா காது குத்த மாட்டேன்னு ஆசாரி சொல்லிருவாரா என்ன?”

சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பஸ்ஸில் போனார்கள். சாஸ்தா கோவிலில் ஆசாரி கொட்டாவி விட்டபடி காத்திருந்தார். குழந்தை கனிராஜின் மடியில் உட்கார்ந்து, கோவில் முழுக்கக் கேட்கும்படி அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக் கனிராஜும் அழுதான். வழக்கம்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் வேனைப் பட்டறையில் விட்டார்கள். அரித்துப்போன பகுதியை வெட்டி எடுத்தார்கள். போகும்போதும் துரு மரியாதையாகவே போனது. “ஈரத்தை விட்டுவைத்தால் மறுபடியும் வருவேன். கூப்பிடக்கூட வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த இடத்தில் கனமான புது இரும்பை வைத்துப் பற்றவைத்தார்கள். உப்பு மூட்டைக்கு அடியில் விரிக்கக் கனிராஜ் ஒரு தார்ப்பாய் வாங்கினான்.

டயருக்குப் பஞ்சர் ஒட்டியாயிற்று. ஆனாலும் கனிராஜுக்கு அதன் மேல் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. அதை ஸ்டெப்னியாக்கிப் பின்னால் போட்டுவிட்டான். அது ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தது.

“உன்னைத்தானே தம்பி திட்டினார்கள்,” என்றது இரும்புச் சட்டம். “எனக்காக நீ கெட்ட பெயர் வாங்கிக்கொண்டாய்.”

“திட்டட்டும் அண்ணே,” என்றது டயர். “எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி, தரையில் நின்றல்லவா திட்டினார்கள்.”

வேன் வீட்டுக்கு வந்த பிறகு கனிராஜ் பரணிலிருந்து மீதிப் பெயின்டை எடுத்தான். பழையபடி சாக்கை விரித்து மல்லாந்து படுத்தான். அதே டப்பா, அதே கருப்பு. ஆனால் இந்த முறை பூச்சு பிரஷை விட்டு இறங்க மறுத்தது. ஒரு சொட்டு நுனியில் நின்றுகொண்டு, முதல்முறையாக உள்பக்கம் திரும்பிப் பார்த்தது.

“எனக்கு அடியில் யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்டது.

கனிராஜ் கண்ணை அகலத் திறந்துகொண்டு, ஸ்பானரால் சட்டத்தை ஒரு தட்டு தட்டினான்.

டங் என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொட்டு இறங்கியது.