மழைநாளில் வந்த வெயில் சிலிண்டர்

வட்டப்பாறைக் காட்டில் வண்டிகள் எல்லாம் ஹைட்ரஜனில் ஓடின. ஆமைகூட அரை மணி நேரத்தில் காட்டின் மறுகோடிக்குப் போய்விடும்!

அந்த வாயுவை வெயிலைக் கொண்டும் செய்யலாம், நிலக்கரியைக் கொண்டும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது; வண்டியின் குழாயிலிருந்து வெறும் தண்ணீர்தான் சொட்டும். ஆனால் கரியில் செய்தால், செய்கிற இடத்தில் புகை கிளம்பும். அதனால், 'வெயிலில் செய்தது மட்டுமே விற்கலாம்' என்று காட்டில் சட்டம் போட்டிருந்தார்கள். விற்பவன் நரி. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஓர் ஆலிலையை ஒட்டி, 'வெயிலில் செய்தது' என்று முத்திரை குத்தி, செய்த தேதியும் எழுதியிருப்பான்.

ஒரு நாள் காலை தூக்கணாங்குருவி ஒன்று பஸ் நிலையத்துக்குப் படபடவென்று பறந்து வந்தது. அதன் இறக்கையெல்லாம் கரி.

"ஆய்வாளர் ஐயா! மலைக்குப் பின்னால் நரியின் ஆலையிலிருந்து புகை வருகிறது. என் குஞ்சுகள் மூன்றும் இருமி இருமித் துவண்டு கிடக்கின்றன!"

ஆய்வாளர் கரடி தொண்டையைக் கனைத்தார். "பதறாதேம்மா. முறைப்படி சோதிப்போம்!"

பஸ்ஸின் பின்பக்கம் போனார். புகைக்குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரை ஏந்திக் குடித்தார். "ஆகா, இளநீர்தான்! புகையாவது, கரியாவது! சுத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள்!"

குருவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே! வாயு பிறந்த இடத்தை யார் பார்ப்பது?"

பஸ்ஸுக்குச் சிலிண்டர் மாட்ட வந்திருந்த நரி இளித்தான். "தங்கச்சி, ஏன் கத்துறே? முத்திரை இருக்கா? இருக்கு! தேதி இருக்கா? இருக்கு! குஞ்சுக்குச் சளி பிடிச்சா நானா பொறுப்பு?"

அப்போது மயில் நொண்டிக்கொண்டே பஸ் ஏற வந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க! கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஐப்பசி பிறந்த நாளிலிருந்து நேத்து வரைக்கும் ஒன்பது நாள் விடாத மழை. ஒன்பது நாளும் ஆடினேன். ஒரு ஜென்மமாவது கை தட்டிச்சா?"

குருவி சட்டென்று சிலிண்டரின் மேல் உட்கார்ந்து இலையைப் படித்தது. ஐப்பசி ஆறு!

"மயிலண்ணே, ஆறாம் தேதி வெயில் அடித்ததா?"

"வெயிலா! அன்னைக்குத்தான் தோகை நனைஞ்சு துடைப்பம் மாதிரி ஆச்சு. நினைச்சாலே அழுகை வருது!"

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள்.

"அது... சேர்த்து வெச்ச வெயில்!" என்றான் நரி.

"எங்கே சேர்த்து வைத்தாய்? காட்டு!" என்று குருவி அவன் மூக்கின்மேல் பாய்ந்தது.

எல்லாரும் பஸ்ஸிலேயே மலைக்குப் பின்னால் போனார்கள். பாருங்கள் அநியாயத்தை! சூரியத் தகடுகளின்மேல் நரியின் நண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கரி உலை கபகபவென்று எரிந்தது. ஒரு பாறையின்மேல் முத்திரை குத்திய ஆலிலைகள் குவிந்து கிடந்தன. அவற்றில் நாளைய தேதி போட்ட இலையும் இருந்தது!

கரடி வாய் திறந்தார். புகை உள்ளே போனது. இருமினார், இருமினார், கண்ணில் நீர் வரும்வரை இருமினார். மேலே குருவியின் கூட்டிலிருந்தும் அதே இருமல் கேட்டது. கரடியின் தலை தொங்கியது.

"ஆறு மாதமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே!" என்றவர், நரியின் பக்கம் திரும்பி உறுமினார். "உலையை அணைடா!"

"அணைச்சா மழைநாளில் வண்டி ஓடாது சார். என்ன பண்ணுவீங்க?"

"நடப்போம்!" என்றார் கரடி.

"நானுமா?" என்று மயில் அலறியது. பிறகு கூட்டை அண்ணாந்து பார்த்தது. நொண்டிக்கொண்டே முதல் ஆளாக மலை இறங்கியது.

ஒரு பொருள் சுத்தமானதா என்று தெரிய, அது முடிகிற இடத்தை முகர்ந்தால் போதாது. அது பிறந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும்.